உளவியலும் குழந்தை வளர்ச்சியும்: பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்கிறார்கள்? யாருக்காகப் படிக்கிறார்கள்?



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று நான்கைந்து துறைகளுக்குள்ளேயே அது சுற்றி வருகிறது. அந்த வேளையில் மகள் "உளவியல் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் சங்கடம் தொடங்கிவிடுகிறது. "படித்து முடித்துத் தஞ்சோங் ரம்புத்தானிலா வேலை?" என்று சித்தப்பா கேலி செய்கிறார். "குழந்தை வளர்ச்சி" என்றாலோ, "பிள்ளை வளர்க்கப் பட்டம் எதற்கு? பாட்டி எந்தப் பல்கலைக்கழகத்திற்குப் போனாள்?" என்ற கேள்வி எழுகிறது.

கேலியை விட்டுவிடலாம். ஆனால் கேள்வி நியாயமானது. பி.டி.பி.டி.என். கடன் வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவிட்டுப் படிக்கும் படிப்பு எதைத் தருகிறது என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

முதலில், உளவியல் என்பது மனத்தைப் படிக்கும் மந்திரம் அன்று. 1879 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தமது ஆய்வுக்கூடத்தை அமைத்தார். மனிதனின் உணர்வையும் கவனத்தையும் அளந்து பார்க்க முடியும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. அதனால்தான் இந்தப் படிப்பில் சேரும் மாணவர் முதல் ஆண்டிலேயே புள்ளியியலைச் சந்திக்கிறார். பிறர் மனத்தை அறியலாம் என்று ஆசையோடு வந்தவர்கள் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டு திகைப்பதுண்டு. கணக்கே வேண்டாம் என்று இத்துறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தை வளர்ச்சி இயலின் பெரும் பெயர்களில் ஒன்று ஜான் பியாஜே. சுவிட்சர்லாந்தில் 1896 இல் பிறந்தவர். இளம் வயதில் பாரிஸ் நகரில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளில் பணியாற்றியபோது, பிள்ளைகள் சொன்ன தவறான விடைகள்தாம் அவருடைய கவனத்தை ஈர்த்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்களே, அது ஏன் என்று அவர் யோசித்தார்.

அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்றை எந்தச் சமையலறையிலும் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாகச் சிராப் தண்ணீர் ஊற்றி நான்கு வயதுக் குழந்தைக்குக் காட்டுங்கள். இரண்டும் சமம் என்று அது ஒப்புக்கொள்ளும். அதன் கண்முன்னே ஒரு குவளையிலுள்ள தண்ணீரை உயரமான, ஒடுங்கிய குவளைக்கு மாற்றுங்கள். இப்போது உயரமான குவளையில்தான் தண்ணீர் அதிகம் என்று பெரும்பாலான நான்கு வயதுக் குழந்தைகள் சொல்லும். ஏழு எட்டு வயதில் அதே பிள்ளை அப்படிச் சொல்வதில்லை. நான்கு வயதில் அப்படிச் சொன்ன பிள்ளையை மக்கு என்று திட்டுவதில் பயன் இல்லை. அந்த வயதில் அது உலகத்தைப் பார்க்கும் விதம் அப்படி.

தமிழ்ப் பெற்றோருக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆய்வும் உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவர் 1984 இல் வெளியிட்டது அது. நாக்கு பல்லைத் தொட்டு எழும் 'த' ஒலிக்கும், நாக்கு மேலே மடிந்து எழும் 'ட' ஒலிக்கும் இந்தி மொழியில் வேறுபாடு உண்டு, தமிழிலும் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்த வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ அதை இழக்கவில்லை.

பேசத் தெரியாத குழந்தையிடம் தமிழில் பேசி என்ன பயன் என்று நினைக்கும் இளம் பெற்றோருக்கு இதில் விடை இருக்கிறது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் தமிழில் கதை பேசும் பாட்டி, குழந்தையின் காதில் ஒரு மொழியின் ஒலிகளைத் தங்க வைக்கிறாள். பட்டம் இல்லாமலேயே அவள் செய்யும் வேலையின் மதிப்பை இந்தத் துறை மறுக்கவில்லை.

அப்படியானால் பட்டம் எதற்கு? பாட்டியின் அனுபவத்திற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று வயதாகியும் பேச்சு வராத பேரனைப் பார்த்து, "இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று அவள் ஆறுதல் சொல்வாள். சில பிள்ளைகளின் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், பேச்சு வளர்ச்சியில் கோளாறு இருக்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உதவி தள்ளிப்போகிறது. எந்தத் தாமதம் இயல்பானது, எது உடனே பரிசோதிக்க வேண்டியது என்று பிரித்தறியப் பயிற்சி தேவை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. தொடக்க ஆண்டுகள் முக்கியமானவை என்பதை ஆய்வுகளும் ஏற்கின்றன. ஆனால் ஐந்து வயதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்பதை அவை ஏற்கவில்லை. பதின்ம வயதிலும் மூளை மாறிக்கொண்டே இருக்கிறது. பிந்திக் கண்டறியப்பட்ட பிள்ளைக்கும் உதவி பயன் தரும். ஆகவே, கைவிரிப்பதற்கு இந்தப் பழமொழியை யாரும் சாக்காக்கிக்கொள்ளக் கூடாது.

கேட்டதையெல்லாம் நம்பாமல் இருக்கவும் பல்கலைக்கழகம் கற்றுத் தருகிறது. 'மார்ஷ்மெல்லோ' இனிப்பு மிட்டாய்ச் சோதனையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவதும் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷெலின் ஆய்வைக் காட்டிப் பெற்றோர் கருத்தரங்குகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. 2018 இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் அதிகமான பிள்ளைகளைக் கொண்டு பார்த்தார்கள். குடும்பத்தின் வசதி, தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பகுதி மறைந்துவிட்டது. அடுத்த வேளைக்கு உணவு உண்டு என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்குக் காத்திருப்பது எளிது அல்லவா? புள்ளியியல் படித்த மாணவருக்கு இந்த ஐயம் தானாகவே எழும்.

இனி, தமிழ்ச் சமுதாயம் கவலைப்பட வேண்டிய விஷயத்திற்கு வருவோம். ஒரு பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பது என்பதுதான் அது.

வரலாற்றில் இதற்குக் கசப்பான பாடங்கள் உண்டு. ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய உதவியாளர்களும் 1913 இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினார்கள். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்தி உடையவர்கள் என்ற முடிவு வந்தது. நீண்ட கடற்பயணக் களைப்பு, புரியாத மொழி, பழக்கமில்லாத சோதனை ஆகியவற்றின் விளைவு அது. கலிபோர்னியாவில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலச் சோதனையின் அடிப்படையில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. 'டயானா வழக்கு' என்று அறியப்படும் அந்த வழக்கில், பிள்ளைகளை அவர்களுடைய முதன்மை மொழியில் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாடு 1970 இல் ஏற்பட்டது.

மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அத்தகைய பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால், பதில் வராததற்குக் காரணம் என்ன என்று எப்படித் தெரியும்? இத்துறை மாணவர்கள் படிக்கும் அடிப்படை விதி ஒன்று உண்டு. மொழி வளர்ச்சியில் உண்மையான கோளாறு இருந்தால் அது பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தென்படும். புதிதாகக் கற்கும் மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பழக்கக் குறைவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால், யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையைத் தமிழில் பேசவிட்டுக் கேட்க வேண்டும். தமிழ் அறிந்த உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் தேவைப்படுவது இதற்காகத்தான். தவறினால் நல்ல பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை விழும். அல்லது உண்மையான குறைபாடு "மொழிதான் காரணம்" என்று சொல்லி விடுபட்டுப்போகும்.

படிக்க விரும்புவோர் சில நடைமுறைச் செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாட்டியலும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பாலர் கல்வியும் கற்பிக்கப்படுகின்றன. தனியார் பல்கலைக்கழகங்கள் என்றால் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இளங்கலைப் பட்டம் பெற்றவுடன் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய முதுகலைப் படிப்பு வேண்டும். 2016 ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மருத்துவ உளவியலாளர்களையும் உள்ளடக்கியது. ஆலோசகர் என்று தொழில் நடத்த 1998 ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். முதுகலைக்குப் போகாதவர்களுக்கும் பாலர் கல்வி, சமூக நலம், மனிதவளம் போன்ற துறைகளில் வாய்ப்பு உண்டு. ஆனாலும் மருத்துவ உளவியல்தான் குறிக்கோள் என்றால் ஐந்தாறு ஆண்டுகளுக்கான திட்டத்தைத் தொடக்கத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுங்கள். பல்கலைக்கழகத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்பதை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பழகுங்கள். விடுமுறையில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலோ பாலர் பள்ளியிலோ தொண்டூழியம் செய்யுங்கள். பிற்காலத்தில் ஒரு தாய் கலங்கிய கண்களோடு எதிரே அமர்ந்து, "என் பிள்ளைக்கு என்னங்க?" என்று கேட்கும்போது, அவருக்குப் புரியும் மொழியில் பதில் சொல்லும் தகுதி உங்களுக்கு அப்படித்தான் வரும்.