படப் புத்தகத்துக்கு ஒரு பரிசு



கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் இரா. நடராசனை, வாசகர்கள் ‘ஆயிஷா’ நடராசன் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த அடைமொழி ஒரு போட்டி தந்தது. கணையாழி இதழின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற கதை ‘ஆயிஷா’. ஓயாமல் கேள்வி கேட்கும் மாணவி ஒருத்தியைப் பற்றி அவளுடைய ஆசிரியை சொல்லும் கதை. பெரியவர்கள் படிக்கும் இலக்கிய இதழில் வந்தது, பிறகு கைக்கு அடக்கமான சிறு புத்தகமாக அச்சாகி, ஆசிரியர்களிடையே கைமாறி, வேறு மொழிகளுக்கும் போனது. 2014இல் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்காக நடராசனுக்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரமும் கிடைத்தது.

பரிசு கொடுத்த கையோடு காரியம் முடிந்தது என்று எல்லோரும் கலைந்திருந்தால், ஆயிஷா ஒரு பழைய இதழின் பக்கங்களிலேயே தங்கியிருப்பாள். குழந்தைகளுக்கு எழுத விரும்புகிறவர்களுக்கான போட்டிகளை நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடை போடுகிறேன். முடிவு அறிவித்த மறுநாள் என்ன நடக்கிறது?

இப்படிப்பட்ட முயற்சிகள் நமக்குப் புதியவை அல்ல. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, புதிதாக எழுத வந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்தவர் அவர். தில்லியில், கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957இல் தொடங்கிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை, 1978 முதல் எழுத்தாளர்களுக்கென்றே போட்டி நடத்தியது. தேர்வான கையெழுத்துப் பிரதிகளை அந்த அறக்கட்டளையே நூலாகவும் வெளியிட்டது. இதுதான் சரியான ஏற்பாடு. போட்டி நடத்துபவரிடமே ஓவியரும் அச்சகமும் விற்பனையும் இருந்தால் பரிசு புத்தகமாகிறது.

தமிழக அரசின் சிறந்த நூல் பரிசில் குழந்தை இலக்கியத்துக்கு ஓர் இடம் உண்டு. 2010 முதல் அகாதெமியின் புரஸ்காரமும் ஆண்டுதோறும் கொடுக்கப்படுகிறது. ஐம்பதாயிரம் ரூபாயும் செப்புப் பட்டயமும். இரண்டுமே வெளிவந்த நூல்களுக்கு உரியவை. முதல் கதையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் சிதம்பரத்து ஆசிரியை ஒருவருக்கு இவற்றின் கதவு இன்னும் திறக்கவில்லை. அவருக்கு எஞ்சுவது கதைப் போட்டிகள்தான்.

அந்தப் போட்டிகளின் விதிகளைப் பாருங்கள். ஏ4 தாளில் இத்தனை பக்கம், வேறெங்கும் வெளியாகாத சொந்தக் கற்பனை என்று ஓர் உறுதிமொழி, கடைசித் தேதி. சிறுகதைக்கு இது போதும். ஐந்து வயதுக் குழந்தை மடியில் வைத்துப் புரட்டுகிற படப் புத்தகத்துக்குப் போதாது. அதில் பாதிக் கதையைப் படம் சொல்கிறது. அந்தப் பாதியை விட்டுக்கொடுத்து எழுதியவரின் தாளை நடுவர் எடுத்துப் பார்த்தால், எட்டு வரிதான் இருக்கிறதே, உழைப்பே இல்லையே என்று ஒதுக்கிவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிச்சாவரத்தில் ஒரு சிறுமி படகில் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? ‘அடர்ந்த தில்லை மரங்களின் வேர்களுக்கிடையே, கரிய சேற்றிலிருந்து ஒரு சிவப்பு நண்டு மெல்ல எட்டிப் பார்த்தது.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம், வேர், சேறு, சிவப்பு, நண்டு எல்லாவற்றையும் ஓவியர் வரைந்துவிடுவார். எழுத்தாளருக்கு மிச்சம் என்ன? ‘யாரோ நம்மைப் பார்க்கிறார்கள்.’ இவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நண்டே இருக்கக் கூடாது. வேர்களுக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் போதும். குழந்தை தானே தாளைத் திருப்பும். அடுத்த பக்கத்தில் நண்டு முழுசாக வரும். தாளைத் திருப்பும் அந்த நொடியைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தவர்தான் படப் புத்தக எழுத்தாளர். நாலு முழப் பத்தி எழுதுவதைவிட இது கடினமான வேலை என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

எனவே படப் புத்தகப் போட்டி கேட்க வேண்டியது மாதிரிப் புத்தகம். நாலு தாளை நடுவில் மடித்துத் தைத்தால் பதினாறு பக்கம். எந்த வரி எந்தப் பக்கத்தில், எங்கே படம் மட்டும் பேச வேண்டும் என்பதைப் பென்சிலால் குறித்தால் போதும், வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடுவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டித் தீர்ப்புச் சொல்லட்டும். ஒரு குழந்தைக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, எங்கே கவனம் சிதறுகிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

ஓவியர் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் 1938 முதல் கொடுக்கப்படும் கால்டிகாட் பதக்கம் படப் புத்தகத்தின் ஓவியருக்கே போகிறது. நம்மிடம் பரிசு எழுத்தாளருக்கு. ஓவியரின் பெயரைப் பதிப்பு விவரப் பக்கத்தில் பொடி எழுத்தில் தேட வேண்டிய புத்தகங்கள் ஏராளம். இது பெரிய அநீதி. சென்னையின் தாரா பதிப்பகம், கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களைக் கையால் திரை அச்சு செய்து ஒரு நூலாக்கியது. 2008இல் இத்தாலியின் பொலோனா குழந்தைகள் புத்தகக் கண்காட்சி அதற்குப் பரிசளித்தது. அட்டையில் ஓவியர்களின் பெயர் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. எழுதுகிறவரையும் வரைகிறவரையும் இணையாகவே போட்டியில் சேர்த்து, பரிசைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

போட்டிக்கு அனுப்பும் நேயர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பரிசு பெறும் படைப்புகளின் உரிமை எங்களுக்கே’ என்ற வரி விதிகளில் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். ஐயாயிரம் ரூபாய்ப் பரிசுக்கு ஆயுள் முழுவதற்குமான உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடலூர் மாவட்டத்தில் இதையெல்லாம் செய்து பார்க்க இடமும் இருக்கிறது. நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சிக்கு, தினமணியோடு சேர்ந்து சிறுகதைப் போட்டி நடத்திய அனுபவம் உள்ளது. பதிப்பாளர்கள் கடை விரித்திருக்கும் அதே மைதானத்தில், தேர்வான மாதிரிப் புத்தகங்கள் பத்தை ஒரு மேசையில் பரப்பி வைக்கலாம். கூட்டத்தோடு வரும் பள்ளிப் பிள்ளைகள் எடுத்துப் புரட்டட்டும். பதிப்பாளர்களும் வந்து பார்க்கட்டும். முதல் பரிசு பெற்றதை அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்குள் அச்சிட்டு வெளியிடுவதாக ஒருவர் அங்கேயே ஒப்பந்தம் போடட்டும். பரிசுத் தொகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒப்பந்தத்தை விதிகளின் முதல் வரியாக அச்சிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.