எலும்பு போனது, படம் நின்றது



ஏட்டைச் செல் அரித்தாலும், படியெடுத்தவன் இருந்தால் பாட்டுப் பிழைக்கும். கல்லாய்ப்போன எலும்புக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில், கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளை 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் விவரித்து, 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். 'பிருகத்', 'காயம்' வடசொற்கள். பெருமேனி என்பது பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீற்றர்!

ஊனுண்ணி என்றனர், பின்வந்தோர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றனர். இதற்குள் எலும்புகள் உதிர்ந்து அழிந்தன. அவை கல்மரமோ என்றுகூட ஐயுற்றனர். 2022இல் வெளியான பழைய புகைப்படங்களே எலும்பென்று சாட்சி சொல்லின.

நம் கல்முனைக் கரையில் மூதாட்டியர் நாவிலுள்ள கவிகளும் அப்படித்தான். அவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்போம்.