வாளியில் ஒரு தேயிலைச் செடி



பால்மரம் கம்பெனியுடையது, குடியிருக்கும் லயமும் அதனுடையதே. தோட்டம் கைமாறினால் நாம் நட்ட வாழையும் முருங்கையும் அங்கேயே நின்றுவிடும். இப்படி அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் பல. ஆகவே, கையோடு தூக்கிச் செல்லக்கூடிய செடியொன்றை வளர்ப்போம் என்கிறோம்.

புதிய தேயிலை விதையை ஒருநாள் நீரில் ஊறவைத்து, மூழ்கியதை மட்டும் விதையுங்கள். அதற்குப் புளிப்பு மண்ணே உகந்தது. நம் தோட்டப்புறச் செம்மண் பெரும்பாலும் அவ்வகையே. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் போடவேண்டாம். வாளியின் அடியில் துளையிடுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கேமரன் மலைக் குளிர் நமக்கில்லை. இளஞ்செடிக்கு நண்பகல் நிழல் கொடுங்கள். நுனியை வெட்டி இடுப்பளவில் நிறுத்துங்கள், விட்டால் மரமாகிவிடும்.

மூன்றாம் ஆண்டு கொழுந்து கிள்ளலாம்: இரண்டு இலை, ஒரு மொட்டு. இரவு முழுதும் வாடவைத்து, கையால் கசக்கி, செம்பு நிறம் வந்ததும் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள்.

இதில் வருமானம் வராது. ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான். ஆனாலும் அந்தக் குவளைத் தேநீர் நம்முடையது. வீடு மாறும் நாளில், தோழர்களே, வாளியை மறவாமல் லாரியில் ஏற்றுவோம்!