இல்லிலிருந்து பொருளியல் பயிலும் முறை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிக்குச் செல்லாது இல்லிலிருந்தே பாடங் கேட்கும் நம் பிள்ளைகள் பொருளியற் பரீட்சைக்கு எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டுமென்பது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் தமிழ் கற்பிக்கும் பள்ளியாசிரியரேயன்றிப் பொருளியல் வல்லார் அல்லேம். எனினும் கற்கும் முறை எல்லா நூற்கும் பொதுவாகலின் பேசத் துணிந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டதை யாவரும் அறிவீர். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் பயின்ற பிள்ளைகள் தத்தம் ஊர் திரும்பிக் கைப்பேசி வழியே பாடங் கேட்கலாயினர். 2021ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணாக்கர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை அரசு இலவசமாக வழங்கிற்று. அந்நோய்க் காலம் கழிந்தது. ஆனால் அம்முறை கழிந்திலது. வயல்வேலையும் கடைவேலையும் பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற முயலும் இளைஞர் நம்முள் பலர். ஆதலின் இப்பொருள் இன்றும் வேண்டப்படுவதேயாம்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அவர் கருத்து. இதனை உற்று நோக்குமின்! கைப்பேசி கொண்டு தருவது முதற் காற்கூறு மட்டுமே. ஏனை முக்காற்கூறும் நம் வீட்டிலும் தெருவிலும் களத்துமேட்டிலுமே கிடைத்தல் வேண்டும். பாடங் கேட்டோம் என்று நிறைவுற்று முக்காற்கூற்றையும் இழப்பதே இம்முறையில் நேரும் பெருங்கேடு.

முதற் காற்கூற்றைக் காப்பது எளிது. பாடம் முடிந்தவுடன் கைப்பேசியை மூடிவிட்டுக் கேட்டவற்றை நினைவினின்றே ஒரு பக்கம் எழுதுக. எழுத வாராத இடமே விளங்காத இடம். மறுநாள் அதனை ஆசிரியரிடம் வினவுக.

இரண்டாங் காற்கூற்றிற்கு அயலூர் மாணாக்கர் மூவர் நால்வர் கூடினாற் போதும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை முன்வைத்து ஒருவர் கேட்க ஒருவர் விடை கூறுக.

இனி அரைக்கூறு. இதற்கு நம் சோழநாட்டைப் போல் வாய்ப்புடைய நாடு அரிது. ஆல்பிரட் மார்சல் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1890இல் வெளியிட்ட நூலில், அங்காடிக் காலம், குறுகிய காலம், நீண்ட காலம் என விலையை ஆராயும் காலத்தைப் பகுத்தார். இதனை நெட்டுருச் செய்தவன் மறப்பான். தந்தையார்க்கு விளக்கியவன் மறவான். அறுத்த நெல் களத்திற் குவிந்துள்ளது. இன்று விலை ஏறினும் ஒரு மூட்டையும் மிகுதியாக வாராது. இஃது அங்காடிக் காலம். அடுத்த போகத்தில் உரமும் ஆளும் கூட்டி, உள்ள நிலத்திலேயே விளைவைப் பெருக்கலாம். இது குறுகிய காலம். புதிய அணை எழுந்து, நீர் பாயாத நிலமும் வயலாவது நீண்ட காலம். 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணை இதற்குச் சான்று.

குறைந்தபட்ச விலை என்னும் பாடமும் அத்தகையதே. 2020-21ஆம் பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு மைய அரசு 1,868 ரூபாய் விதித்தது. தமிழக அரசு 50 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 1,918 ரூபாய் தந்தது. சந்தை விலையினும் விதித்த விலை உயர்ந்திருப்பின், விற்க வருவது மிகும். தனியார் வாங்குவது குறையும். மிச்சத்தை அரசே ஏற்றல் வேண்டும். கொள்முதல் நிலையத்தின் வாயிலில் மூட்டைகள் நாட்கணக்கிற் காத்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கோடும் வளைவுமாகப் புத்தகத்தில் உள்ள படம், தந்தையார் தார்ப்பாய் போர்த்திக் காவல் இருக்கும் நெற்குவியலேயன்றோ?

இம்முறை புதிதன்று. 1915இல் சென்னைப் பல்கலைக் கழகத்திற்குப் பொருளியற் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணாக்கரைக் கிராமங்களை ஆராய்ந்து எழுதச் செய்தார். 1918இல் நூலாக வெளிவந்த அவ்வாராய்ச்சியில் தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் இடம்பெற்றது. ஊரே நூலாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரு குறிப்பு. நோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே விடையெழுதி அனுப்பும் பரீட்சைகளும் நிகழ்ந்தன. நூலைத் திறந்து வைத்துப் பார்த்தெழுதியோரும் உளர். மூன்று மணி நேரம் மண்டபத்தில் அமர்ந்து எழுதுங்கால் அப்பழக்கம் உதவாது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் கடிகாரத்தை முன்வைத்து, ஒரு முழு வினாத்தாளுக்குக் கையால் விடை எழுதுக. படங்களை அளவுகோல் கொண்டு வரைந்து பழகுக.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். மகன் கைப்பேசியுடன் அமர்ந்தால் படிக்கின்றான் என்கின்றோம். மகள் அமர்ந்தால் வீட்டில்தானே இருக்கின்றாள் என்று அடுக்களைக்கு அழைக்கின்றோம். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது முதலில் எவர் கைக்குச் செல்கின்றது என்பதை நீங்களே அறிவீர். கல்லூரி தொலைவில் இருந்தபோது அவளுக்குக் கிடைத்த நேரம், அது வீட்டிற்குள் வந்தபின் பறிபோதல் முறையோ? பாடவேளையை அவளுக்கென ஒதுக்குக. அவள் விரித்துரைப்பதைத் தாயாரேனும் பொறுமையுடன் கேட்டருள்க. கேட்போர் இலரேல் அரைக்கூறு நிரம்பாது.

சங்கத்தார்க்கும் ஒன்று கூறி அமைவோம். நம் கட்டடம் மாலை வேளைகளிற் பூட்டிக் கிடக்கின்றது. அங்கு விளக்கும் இணைய வசதியும் நாலைந்து மேசைகளும் இருப்பின் போதும். பரீட்சைக்கு முந்திய இரு திங்களேனும் ஆணும் பெண்ணும் ஆங்கு வந்து பயில, பெரியோர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ளலாம். விழாவிற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கே இதற்கு ஆகும். இதனை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம்.