ஒரே நாடு, ஊருக்கொரு குளிசை

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில் பெற்றோருக்கு நிகழ்த்திய உரை)



காலையிலிருந்து மலையில நின்னு, கொழுந்து நிறுத்துட்டு, களைச்சுப் போய் வந்திருக்கீங்க. அதனால் நீட்டி முழக்க மாட்டோம்.

பூச்சிக் குளிசையைப் பற்றி நாங்கள் பேசும்போது ஒரு தாய் கேட்டார்: "எங்க பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க? நாங்க என்ன சுத்தமில்லாத ஆளுங்களா?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

ஒரே நாட்டிலும் இடத்துக்கு இடம் மருந்து மாறும். 1934, 35இல் மலேரியாக் காய்ச்சல் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலை, குருநாகல் பக்கம் குயினைன் மருந்து கொடுத்தார்கள். நுவரெலியாக் குளிரில் அந்த நுளம்பு பெருகுவதில்லை; அதனால் இங்கே அந்த மருந்துக்கு அவ்வளவு தேவை வரவில்லை. யானைக்கால் நோய் கரையோரத்து வியாதி. மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் குளிசை கொடுத்தார்கள். நமக்குக் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை. மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதென்றும், யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லையென்றும் உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

நம்ம பக்கத்து வியாதி பூச்சி. மழையும் ஈர மண்ணும் அதுக்கு வசதி. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம், போதாத கக்கூஸ், பலரும் பாவிக்கிற ஒரே பீலி: இவையும் சேரும்போது பூச்சிக்குக் கொண்டாட்டம். குற்றம் நம்ம ஆட்களில் இல்லை. நமக்குக் கிடைத்த இடத்தில்.

இது புதுக் கதையுமில்லை. 1916இலேயே அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களில் கொக்கிப்புழு மருந்து கொடுக்கத் தொடங்கியது. 1994 முதல் பத்து வருஷத்துக்கு மேல் தோட்டப் பிள்ளைகளுக்குக் குளிசை கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 29 பேருக்குப் பூச்சி இருந்தது.

ஏன்? குளிசை வயிற்றிலுள்ள பூச்சியைக் கொல்லும். மண்ணிலுள்ள முட்டையைக் கொல்லாது. அம்மை ஊசி மாதிரி திரும்ப வராமல் தடுக்கவும் மாட்டாது. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாக உள்ளே போகும். கழுவாத கை, கழுவாத கீரை வழியாக மற்றப் பூச்சிகள் போகும். கக்கூஸ் இல்லாமல் குளிசை மட்டும் கொடுத்தால், ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்தின கதைதான்.

பூச்சி பிள்ளையின் சாப்பாட்டைப் பறிக்கும். கொக்கிப்புழு இரத்தத்தையே குடிக்கும். முகம் வெளுக்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், பாடம் ஏறாது. கர்ப்பிணித் தாய்க்கு இரத்தம் குறைந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.

ஆகவே நாலு விஷயம் ஞாபகம் வையுங்கள்:

1. பாடசாலையிலும் கிளினிக்கிலும் தருகிற பூச்சிக் குளிசையைத் தவறவிட வேண்டாம். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

2. கர்ப்பிணித் தாய்மார் முதல் மூன்று மாதம் பூச்சிக் குளிசை குடிக்கக் கூடாது. அதன்பிறகு மிட்வைப் அம்மா சொல்லும் நேரத்தில் குடியுங்கள்.

3. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம். நாம பறிக்கிற அதே தேயிலை, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வெறுந்தண்ணியில் குடியுங்கள், தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். கல்சியம் குளிசையையும் வேறு நேரத்தில் குடியுங்கள்.

4. பிள்ளைக்குச் செருப்பு, கக்கூஸ் போய் வந்ததும், சாப்பிட முன்னும் கைக்குச் சவர்க்காரம்.

குளிசையைக் குடிப்பது நம்ம கடமை. நல்ல கக்கூஸும் சுத்தமான தண்ணியும் நம்ம உரிமை. இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. லயத்தார் ஒன்றுகூடி, எழுத்தில் கேளுங்கள்.

கரையோரத்து ஜனங்கள் யானைக்காலை அடக்கினார்கள். நாம பூச்சியை அடக்க முடியாதா?