வராகனின் முதுகில் ஒரு நட்சத்திரம்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். பிரஸ் ஷாப்பில் டை, பஞ்ச் என்று காலம் தள்ளுகிறவன் நான். அதைக் கேட்டால் பாதிப்பேர் எழுந்து சாப்பிடப் போய்விடுவீர்கள். ஆகவே என் கிறுக்கைப் பற்றிச் சொல்கிறேன். பழைய தங்கக்காசு. வாங்கிக் குவிக்க வசதியில்லை. பெரும்பாலும் பார்க்கிற கிறுக்குதான்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவர்களுக்கு முட்லூர் ஞாபகமிருக்கும். அங்கே கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளைக்காரன் வாயில் போர்ட்டோ நோவோ. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வராகன் உண்டு. முன்பக்கம் விஷ்ணு, பின்பக்கம் வெறும் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இதே மாதிரியில் காசடித்து, முதுகில் மட்டும் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்றைச் சேர்த்தது. அதுதான் நட்சத்திர வராகன். எடை சுமார் 3.4 கிராம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்தபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள்.

எல்லாம் கைவேலை. குடைந்த அச்சு, சுத்தியல் அடி. ஒரு அச்சு தேய்ந்தால் இன்னொன்று வெட்டவேண்டும். அது முந்தையதைப் போல அச்சு அசலாக இருக்காது. அச்சில் விரிசல் விட்டால், அதன்பின் விழும் காசிலெல்லாம் அந்த விரிசல் மேடாக ஒரு கோடு போடும். எங்கள் ஷாப்பில் ரிஜெக்ஷன் வந்தால் எந்த டை என்று இப்படித்தானே பிடிக்கிறோம்! பிறகு சென்னையில் இயந்திரத்தில் அடித்த வெள்ளிக் கால் வராகனில்கூட, கோபுரத்தின் இருபுறமும் உள்ள நட்சத்திரங்களை எண்ணினால் அச்சுக்கு அச்சு வேறுபடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பிலடெல்பியாவில் 1795ஆம் வருஷம் போட்டு அடித்த பத்து டாலர் தங்கக்காசில், கழுகின் காலடியில் ஒரு கிளை. சிலதில் 13 இலை, சிலதில் 9. இலையை எண்ணித்தான் விலை! 1822ஆம் வருஷத்து ஐந்து டாலர் காசு உலகத்தில் மூன்றுதான் தெரியவந்திருக்கிறது. இரண்டு ஸ்மித்சோனியனில். மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கிறுக்கு எனக்கு எப்படி வந்தது? இரண்டாம் வருஷம் ஹாஸ்டல் பீஸ் கட்ட முடியவில்லை. எங்கள் ஆயா சுருக்குப்பையிலிருந்து இரண்டு வராகனை எடுத்து அப்பாவிடம் கொடுத்தது. கடையில் உரைகல்லில் உரசி, எடைபோட்டு, அன்றைக்கே உருக்கிவிட்டார்கள். கடைக்காரர்மேல் தப்பில்லை, அவருக்கு அது தங்கம், எங்களுக்கு அது பீஸ். நான் இந்த மேடையில் நிற்பது அந்தக் காசில்தான். ஆனால் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையே என்பது பின்னால்தான் உறைத்தது. ஆயா இருந்தபோது கேட்டேன், "முதுகில் நட்சத்திரம் இருந்துச்சா?"

"பலாப்பழத் தோல் மாதிரி இருந்துச்சுடா தம்பி. நட்சத்திரத்தை யாரு பார்த்தா?"

பரங்கிப்பேட்டைக் காசா, சென்னைக் காசா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவசரத்துக்கு விற்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? கடைக்குப் போகுமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் குறித்து வையுங்கள். தேய்த்து மட்டும் பளபளப்பாக்காதீர்கள், விவரமெல்லாம் போய்விடும்.

மூன்று வருஷம் சேமித்து ஒன்று வாங்கினேன், நட்சத்திரம் போட்டது. இதோ, சுற்றுக்கு விடுகிறேன். ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள். கடைசி வரிசைத் தம்பிகளே, காசு என்னிடமே திரும்பி வரவேண்டும். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்தவன்தான்.