சாகாத அணு என்னும் கதை



நம் உடம்பின் அணு தன்னைத்தானே எப்படிப் பிரதி செய்துகொள்ளுகின்றது என்பதைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அதற்குமுன் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

அலெக்சிஸ் காரல் என்பவர் 1912-ல் நோபல் பரிசு பெற்ற வைத்தியர். அவ்வருஷமே நியூயார்க்கில் கோழிக்கருவின் இருதயத் துண்டொன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்க ஆரம்பித்தார். அது 1946 வரையில் வளர்க்கப்பட்டு வந்தது. "அணுவுக்குச் சாவே இல்லை" என்று முடிவுகட்டி விட்டார்கள். மற்றவர் வளர்த்த அணுக்கள் செத்தால் அவர் கைப்பக்குவத்தின்மேல் பழிபோடப்பட்டதே யொழிய, காரல் சொன்னது சரிதானா என்று கேட்பாரில்லை. பரிசு பெற்றவரல்லவா!

1961-ல் பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இருவர் கேட்டார்கள். பலமுறை பிரிந்து கிழடான ஆண் அணுக்களையும், இளமையான பெண் அணுக்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்து விட்டார்கள். தீனியும் ஒன்று, கையும் ஒன்று. ஆனால் கிழடுகள் மறைந்தன, இளையவை வளர்ந்தன. மனித அணு சுமார் 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. காரலின் பாத்திரத்திலோ, தீனியாக ஊற்றிய கருச்சாற்றோடு புது அணுக்களும் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பின்னர் சந்தேகித்தார்கள்.

ஏன் நிற்கிறது? 1971-ல் மாஸ்கோவில் ஒலொவ்னிக்கவ் காரணம் சொன்னார். திண்ணை மெழுகுகிறவர் தாம் உட்கார்ந்த இடத்தை மெழுக முடியுமா? டி.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியும், முதலில் ஒரு சிறு துண்டு வைக்கப்பட்டால்தான் அதிலிருந்து வேலை தொடங்கும். ஒரே திசையில்தான் போகும். பிறகு அத்துண்டு நீக்கப்படும். நடுவிலுள்ள காலியிடத்தைப் பின்னால் வருவது நிரப்பிவிடும். நுனியில் பின்னால் வர யாருமில்லை! ஆகையால் பிரியுந்தோறும் குரோமோசோமின் நுனி தேய்கிறது. நமக்கு 46 குரோமோசோம்கள்; 92 நுனிகள். அங்கே டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்தே திரும்பத் திரும்ப வருவதால், தேய்ந்தாலும் முதலில் போவது அதுதான். இதற்கு டெலோமியர் என்று பெயர்.

தேய்ந்ததை வளர்க்கும் நொதியும் உண்டு. எலிசபெத் பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரெய்டர், 1984 டிசம்பர் 25-ந் தேதி, குளத்துப் பிராணி ஒன்றில் அதன் அடையாளத்தைக் கண்டார். இவ்விருவருக்கும் ஷோஸ்டாக்குக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"அந்த டெலோமிரேஸைப் பெருக்கினால் சாவில்லையே!" என்று இப்போது சிலர் மாத்திரை விற்கிறார்கள். வாங்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: புற்று நோய்களில் நூற்றுக்கு 85-க்குமேல் இந்த நொதியைக்கொண்டுதான் ஓயாமல் பெருகுகின்றன.